களை பிடுங்குவதும் தேசத் தொண்டே

நம் நாட்டில் நதிகளின் புகழுக்கு ஒரு நாளும் குறைவு இருந்ததில்லை. காவிரியையும் வைகையையும் தாய் என்று போற்றுகிறோம். ஆடிப் பதினெட்டன்று மஞ்சளும் பூவும் இட்டு, சித்ரான்னம் கட்டிக்கொண்டு போய் வணங்குகிறோம். ஆனால் அந்த மகாநதிகளுக்குத் துளித் துளியாக நீர் கொணர்ந்து சேர்க்கும் ஆயிரமாயிரம் சிற்றோடைகளை யார் நினைக்கிறார்கள்? ஊருக்கு மேற்கே ஓர் ஓடை, கிழக்கே ஒரு கால்வாய் என்று அவை பெயரில்லாமலே பிறக்கின்றன. பெயரில்லாமலே மடிந்தும் போகின்றன. அவற்றின் கரையில் நிழல் தந்து நின்ற மருதும் புங்கும் நாவலும் பல ஊர்களில் மறைந்துவிட்டன. அந்த இடங்களில் இன்று சீமைக் கருவேலம் முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உண்ணிச்செடி படர்ந்திருக்கிறது, நெய்வேலிக் காட்டாமணக்கு சேற்றை அடைத்திருக்கிறது. தண்ணீர் எஞ்சியுள்ள இடத்தில் அது கண்ணுக்குத் தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்து நாம் வருந்தாமல் இல்லை. "இதற்குச் சர்க்கார் ஏதாவது செய்யக்கூடாதா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். கேட்ட மாத்திரத்திலேயே நம் கடமை முடிந்துவிட்டதாகக் கருதி வீடு திரும்புகிறோம். சர்க்கார் செய்ய வேண்டியது மிகவும் உண்டு. அதைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆயினும் சர்க்கார் எவ்வளவுதான் முயன்றாலும் செய்ய முடியாத ஒரு வேலையும் இருக்கிறது. அது ஊர் ஜனங்களின் கண்ணும் கையும் பொறுமையும் மட்டுமே செய்யக்கூடிய வேலை. அதைச் செய்து காட்டிய இரண்டு ஸ்திரீகளின் வரலாற்றை நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர்கள் இருந்தது கடல் கடந்த ஆஸ்திரேலியாவில். கதை அங்கே நடந்ததாயினும், அதன் முடிவு நமது நீலகிரியிலும் பழனி மலையிலும் வந்து நிற்பதைப் பின்னால் காண்போம்.

ஸிட்னி நகரத்தின் முதல் ஓடை

1788-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக் கைதிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் ஸிட்னித் துறைமுகத்தில் இறக்கினார்கள். அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்த காடிகல் என்னும் பூர்வ குடிகளை அவர்கள் கேட்டுக்கொண்டு இறங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்கள் குடியேறும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியமான காரணம், அங்கே ஓடிய தெளிந்த நன்னீர் ஓடையாகும். பிறகு வறட்சிக் காலத்தில் நீரைத் தேக்குவதற்காக அதன் கரைப் பாறையில் தொட்டிகள் வெட்டினார்கள். அதனால் அதற்கு 'டாங்க் ஸ்ட்ரீம்', அதாவது தொட்டி ஓடை என்று பெயர் வந்தது.

முதல் கவர்னரான ஆர்தர் பிலிப் என்பவர் கொஞ்சம் முன்யோசனை உள்ளவர். ஓடையின் கரைகளில் மரம் வெட்டக் கூடாதென்றும், ஒரு பட்டை அளவுக்குப் பசுமையை விட்டுவைக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டார். 1792-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கப்பலேறிச் சென்றார். அவருடைய உத்தரவும் அவரைத் தொடர்ந்து போய்விட்டது. கரையில் வீடுகள் முளைத்தன. பன்றிப் பட்டிகள் வந்தன. மரம் போயிற்று, நிழல் போயிற்று, பிறகு தண்ணீரின் சுத்தமும் போயிற்று. 1826-ஆம் ஆண்டுக்குள் அந்த ஓடை குடிநீருக்கு உதவாதென்று கைவிடப்பட்டது. ஒரு பெரிய நகரத்தைப் பெற்றெடுத்த ஓடை, 40 ஆண்டுகளுக்குள் அந்த நகரத்தாலேயே கொல்லப்பட்டது. இன்று அது மாட மாளிகைகளின் அடியில், வெளிச்சம் காணாத ஒரு சாக்கடைக் குழாயாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கரையோரத்துச் செடிகொடிகள் வெறும் அலங்காரமல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? மரத்தின் வேர்கள் மண்ணை இறுகப் பற்றிக் கரையைக் காக்கின்றன. இலைகள் வெயிலை மறைத்து நீரைக் குளிர்ச்சியாக வைக்கின்றன. குளிர்ந்த நீரில்தான் மீன் சுவாசிக்கும் பிராணவாயு அதிகமாகக் கரைந்து நிற்கும். உதிரும் சருகைத் தின்று பூச்சிகள் வளர்கின்றன; பூச்சியைத் தின்று மீன் வளர்கிறது. கோரையும் நாணலும் வெள்ளத்தின் வேகத்தை அடக்கி, வண்டலை வடிகட்டுகின்றன. இத்தனை வேலைகளையும் அந்தந்த மண்ணில், அந்தந்த மழைக்குப் பழகிய நாட்டுச் செடிகள் சம்பளமின்றிச் செய்துவருகின்றன.

பூந்தோட்டத்திலிருந்து தப்பிய கைதிகள்

குடியேறிய வெள்ளையர் மனிதக் கைதிகளை மட்டும் கொண்டுவரவில்லை, செடிகளையும் கொண்டுவந்தார்கள். தாய்நாட்டு நினைவுக்காகச் சிலவும், வேலிக்காகச் சிலவும், பூவின் அழகுக்காகச் சிலவுமாக அவை வந்தன. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த உண்ணிச்செடி, 1840-களிலேயே ஆஸ்திரேலியத் தோட்டங்களில் அலங்காரச் செடியாக இடம்பெற்றிருந்தது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையை எங்கும் தூவின. தோட்டத்து வேலியைத் தாண்டிய அந்தச் செடியைப் பிறகு யாராலும் பிடிக்க முடியவில்லை.

ஸிட்னியைச் சுற்றியுள்ள மண் மணற்பாறையிலிருந்து உண்டானது, சத்துக் குறைந்தது. அந்த ஏழை மண்ணிலே சிக்கனமாக வாழப் பழகியவை அங்குள்ள நாட்டுச் செடிகள். நகரம் பெருகியபோது வீதிகளின் மழைநீரும் தோட்டங்களின் உரநீரும் வடிகால் வழியே ஓடைகளில் வந்து விழுந்தன. சத்து மிகுந்த அந்த ஈரத்தில் அயல் களைகள் கொழுத்தன. நாட்டுச் செடிகள் நலிந்தன. செல்வம் வந்த வீட்டில் சொந்தப் பிள்ளை மெலிய, விருந்தாளி பருத்த கதைதான்!

இரண்டு சகோதரிகள்

ஸிட்னித் துறைமுகத்தின் வட கரையில் மாஸ்மன் என்ற பேட்டை இருக்கிறது. அங்கே எய்லீன் பிராட்லி, ஜோன் பிராட்லி என்று இரு சகோதரிகள் வாழ்ந்தார்கள். மூத்தவர் 1911-ஆம் ஆண்டிலும், இளையவர் 1916-ஆம் ஆண்டிலும் பிறந்தவர்கள். அவர்கள் அடிக்கடி சென்ற ஆஷ்டன் பூங்காக் காடு 'பிராட்லி முனை' என்ற நிலமுனையில் இருப்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. அந்த முனைக்குப் பெயர் வந்தது 1788-ஆம் ஆண்டில் வந்த கப்பற்படை அதிகாரி ஒருவரால்.

சகோதரிகள் இருவரும் எதையும் கூர்ந்து பார்க்கும் சுபாவமுள்ளவர்கள். தங்கள் பேட்டையிலுள்ள நீலச் சிட்டுகளின் கால்களில் வர்ண வளையம் மாட்டி, அவற்றின் நடத்தையைக் கவனித்து, 1958-ஆம் ஆண்டில் ஒரு பறவையியல் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அதே கூர்ந்த பார்வையைச் செடிகளின் பக்கம் திருப்பியபோது அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது.

பூங்காவின் களைகளை ஒழிப்பதற்கு ஆட்கள் வருவார்கள். ஓர் இடத்தைத் துப்புரவாக வெட்டிச் சாய்த்துவிட்டுப் போவார்கள். பார்ப்பதற்கு வேலை பிரமாதமாக இருக்கும். ஆனால் சில மாதம் கழித்துப் பார்த்தால், முன்னைவிட அடர்த்தியாகக் களை மண்டியிருக்கும். வெட்டவெளியான மண்ணில் வெயில் பட்டதும், அதுவரை உறங்கிக் கிடந்த களை விதைகள் ஒரே நேரத்தில் எழுந்துவிடும். ஆக, களையை ஒழிக்கச் செய்த வேலையே களைக்கு உழுது கொடுத்த வேலையாக முடிந்தது!

சகோதரிகள் வேறு வழி கண்டார்கள். 1960-களில் அவர்கள் தினமும் உலாவப் போகும்போது பாதையோரத்தில் ஒன்றிரண்டு களைகளைக் கையால் பிடுங்கினார்கள். பிடுங்கிய இடத்தில் மண்ணைச் சமன் செய்து, பழைய சருகைத் திரும்பவும் பரப்பினார்கள். ஒரே நாளில் நிறையச் செய்யவில்லை. ஆனால் ஒரு நாளும் விடவில்லை. மெல்ல மெல்ல, யாரும் நடாமலே, மண்ணுக்குள் காத்திருந்த நாட்டுச் செடிகள் தலைகாட்டின. 1967-ஆம் ஆண்டிலும் 1971-ஆம் ஆண்டிலும் தங்கள் அநுபவத்தைச் சிறு பிரசுரங்களாக வெளியிட்டார்கள். எய்லீன் 1976-லும் ஜோன் 1982-லும் காலமானார்கள். ஜோன் எழுதிவைத்திருந்தது, அவருடைய நண்பர்களின் முயற்சியால் 1988-ஆம் ஆண்டில் 'பிரிங்கிங் பாக் தி புஷ்' என்ற நூலாக வந்தது. காட்டைத் திரும்ப அழைத்தல் என்பது அந்தத் தலைப்பின் பொருள்.

மூன்றே விதிகள்

அவர்கள் சொன்ன முறை மூன்று விதிகளில் அடங்கிவிடுகிறது.

முதல் விதி: நன்றாக உள்ள இடத்திலிருந்து தொடங்கி, கெட்டுப்போன இடத்தை நோக்கிச் செல்ல வேண்டும். நம் மனம் இதற்கு நேர் எதிராகவே ஓடும். எங்கே புதர் மிக மோசமாக மண்டியிருக்கிறதோ அங்கேதான் கத்தியை ஓங்கத் தோன்றும். ஆனால் நாட்டுச் செடிகள் வலிமையாக உள்ள இடத்தில் ஒரு களையைப் பிடுங்கினால், அந்தக் காலி இடத்தை அவை தாமே நிரப்பிக்கொள்ளும். களைகளின் நடுவே பிடுங்கினால் அடுத்த களைதான் வந்து உட்காரும்.

இரண்டாவது விதி: மண்ணைக் கூடியவரை கலைக்கக் கூடாது. சிறு கரண்டி, சிறு கத்தி, கத்தரி ஆகியவை போதும். கிளறிய மண்ணை மூடிச் சருகைப் போர்த்துவிட வேண்டும்.

மூன்றாவது விதி: நாட்டுச் செடிகள் திரும்பி வருகிற வேகம் எதுவோ, அதுவே நம் வேலையின் வேகமாக இருக்க வேண்டும். நேற்றுத் துப்புரவு செய்த இடம் பசுமையாகி நிலைபெறும் வரை அடுத்த இடத்துக்குப் போகக் கூடாது.

மூன்றாவதுதான் மனிதருக்கு மிகவும் கடினமானது. ஏனெனில் அது தொண்டு செய்பவரின் ஆவலைக் கட்டிப்போடுகிறது. சாதித்துவிட்டோம் என்று மார்தட்டும் சந்தர்ப்பத்தை அது எளிதில் கொடுப்பதில்லை.

ஆட்சேபமும் சமாதானமும்

"இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் நூறு வருஷம் ஆகுமே!" என்று சிலர் சொன்னார்கள். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பல ஆண்டுகளாக முழுதும் களை மூடிய ஓடைக்கரைகளில், மண்ணிலே நாட்டு விதையே மிஞ்சியிராமல் போவதுண்டு. வெள்ளம் ஒவ்வொரு மழையிலும் மேல் பகுதியிலிருந்து புதிய களை விதைகளைக் கொண்டுவந்து கொட்டும். அப்படிப்பட்ட இடங்களில் பிடுங்குவது மட்டும் போதாது. பக்கத்துக் காட்டிலேயே விதை சேகரித்து, நாற்று வளர்த்து நட வேண்டியிருக்கிறது. பெரிய களை மரங்களை வெட்டி, வெட்டுவாயில் மருந்து தடவ வேண்டியிருக்கிறது. பின்னால் வந்த தொண்டர்கள் இவற்றையெல்லாம் சகோதரிகளின் முறையோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் மூன்று விதிகளின் சாரம் மாறவில்லை.

இன்று ஸிட்னியிலும் அதைச் சுற்றியுள்ள நகரசபைகளிலும் 'புஷ்கேர்' என்ற பெயரில் தொண்டர் குழுக்கள் வேலை செய்கின்றன. நகரசபை கருவிகளைக் கொடுக்கிறது. பயிற்சி பெற்ற ஒரு வழிகாட்டியையும் அனுப்புகிறது. அந்தந்தத் தெருவார் மாதம் ஒரு முறையோ வாரம் ஒரு முறையோ தங்கள் ஓடையில் கூடி இரண்டு மூன்று மணி நேரம் பாடுபடுகிறார்கள். கிராமப்புறங்களிலோ 1986-ஆம் ஆண்டில் விக்டோரியா மாகாணத்தில் 'லாண்ட்கேர்' இயக்கம் தொடங்கி, விவசாயிகளிடையே பரவியது. யோசித்துப் பார்த்தால், இது நம் முன்னோருடைய குடிமராமத்து அல்லாமல் வேறென்ன? ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் கூடித் தூர்வாரிய வழக்கம் நமக்குப் புதிதன்று. நாம் மறந்தது மட்டுமே புதிது.

நமது மலைகளில் ஒரு விபரீதம்

இனி, கதை நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஸிட்னி ஓடைகளைப் படுத்தும் அதே உண்ணிச்செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அலங்காரமாக வந்து, இன்று முதுமலைக் காடு வரை படர்ந்திருக்கிறது. அது போதாதென்று வேறொரு விபரீதமும் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவில் நல்ல பிரஜையாக வாழும் வாட்டில் மரத்தை, ஆங்கிலேயர் 1840-களில் நீலகிரிக்குக் கொண்டுவந்தனர். விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் அது பெருக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் நம்மவர்களே அதை மலை மலையாக நட்டார்கள். வெள்ளையர் போனார்கள், அவர்கள் கொண்டுவந்த மரம் போகவில்லை!

நம் உயர்ந்த மலைகளின் இயற்கை, பள்ளத்தாக்கிலே சோலையும் மேட்டிலே புல்வெளியும் ஆகும். அந்தப் புல்வெளியும் சோலையும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளில் கசியவிடும். வெறும் புல்தானே என்று எண்ணி அதைத் தரிசு என்று கணக்கெழுதினார்கள், மரம் நட்டார்கள். பழனி மலையில் 1973-ஆம் ஆண்டு தொடங்கிய 40 ஆண்டுக் காலத்தில், புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக, வானிலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு 2018-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். மரம் நட்டதனாலேயே மலையின் நீர் குன்றும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

அப்படியானால் வாட்டிலை எல்லாம் உடனே வெட்டிச் சாய்த்துவிடலாமா? இங்கேதான் பிராட்லி சகோதரிகளின் மூன்றாம் விதி நமக்கு உதவுகிறது. வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல பத்து ஆண்டுகள் உயிரோடு உறங்கக்கூடியது. மரத்தை மொட்டையாக வெட்டி வெயிலைத் திறந்துவிட்டால், அத்தனையும் ஒருங்கே முளைத்துவிடும். அதே சமயம், பழனி மலையில் பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருவதைக் கண்டிருக்கிறார்கள். அங்கே அவசரப்பட்டுக் கோடரி வைப்பது வரும் சோலையைக் கருவிலேயே அழிப்பதாகும். மீந்திருக்கும் புல்வெளியின் ஓரத்தில் புதிதாக நுழையும் வாட்டில் கன்றைப் பிடுங்குவதோ மிக மிக அவசியமாகும். எங்கே கை வைப்பது, எங்கே கை கட்டி நிற்பது என்று அறிவதே இந்தத் தொண்டின் பாதி ஞானம்.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அயல் களைகளை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டிருப்பது நல்ல காரியம். கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிகள் உண்ணிச்செடித் தண்டுகளைக் கொண்டு உயிருள்ளவைபோலவே தோன்றும் யானை உருவங்களைச் செய்கிறார்கள். 2021-ஆம் ஆண்டில் அந்த யானைகள் லண்டன் நகரப் பூங்காக்களில் அணிவகுத்து நின்றன. களையை அகற்றுவதும், அதிலிருந்து ஏழைக்குப் பிழைப்பு உண்டாவதும் ஒரே காரியமாக அமைந்தால் அதைவிட என்ன வேண்டும்! ராமநாதபுரத்துச் சீமையில் சீமைக் கருவேலத்தைக் கரி சுட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். அந்த மரத்தை ஒழிக்கப் பேசுகிறவர்கள், அந்தக் குடும்பங்களின் அடுப்பையும் சேர்த்து நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

நாம் செய்யக்கூடியது

1950-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய மந்திரி கே. எம். முன்ஷி வன மகோத்ஸவத்தைத் தொடங்கிவைத்தது முதல், ஆண்டுதோறும் நாம் மரம் நட்டு வருகிறோம். நல்ல நோக்கந்தான். ஆனால் நட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்ட கன்றுகளுக்கு அடுத்த கோடையில் தண்ணீர் விட்டவர் யார் என்று விசாரித்தால், பல ஊர்களில் பதில் கிடைப்பது அரிது. நடுவது ஒரு நாள் திருவிழா. பேணுவது நித்திய பூஜை. நமக்கு இன்று வேண்டியது பூஜை.

உங்கள் ஊரில் ஏதேனும் ஓர் ஓடையோ, வாய்க்காலோ, குளத்துக்கு நீர் வரும் வழியோ கட்டாயம் இருக்கும். முதலில் ஒரு வருஷம் அதைப் பாருங்கள். எந்த மாதத்தில் நீர் வருகிறது, எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். ஊர்ப் பெரியவர்களையும், ஆடு மேய்ப்பவர்களையும், நாட்டு வைத்தியர்களையும் கேளுங்கள். கரையில் முன்பு நின்றவை மருதா, நொச்சியா, தாழையா, இலுப்பையா என்று அவர்கள் சொல்வார்கள். களை எது, நாட்டுச் செடி எது என்று உறுதியாகத் தெரியாத வரையில் எதையும் பிடுங்காதிருப்பது உத்தமம்.

பிறகு பஞ்சாயத்திடமோ அந்த நிலத்துக்குரிய இலாகாவிடமோ அநுமதி பெறுங்கள். காட்டு இலாகாவின் எல்லைக்குள் உத்தரவின்றி ஒரு கிளையையும் தொடக்கூடாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம், ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால் போதும். உள்ளதில் நல்ல இடத்தில் தொடங்குங்கள். வெறுமையாய்ப் போன இடத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, அந்தப் பக்கத்து மரங்களின் விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை நடுங்கள். ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் நீருக்கு எட்டாத தூரத்தில் குவியுங்கள், மக்கினால் எருவாகும். புதருக்குள் கை விடுமுன் தடியால் தட்டிப் பாருங்கள். பாம்பு அங்கே நமக்கு முந்திய குடி. முக்கியமாக, குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள். நாவல் மரத்தையும் புங்க மரத்தையும் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்து வளரும் குழந்தைக்கு, ஓர் ஓடைக்கரை ஒரு கலாசாலைக்குச் சமானம்.

முதல் வருஷத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருஷத்தில் அண்டை வீட்டார் சிரிப்பார்கள். மூன்றாம் வருஷத்தில், பத்து கஜ தூரத்துக்குக் கோரையும் நொச்சியும் தாமே தழைத்திருக்கக் கண்டு, சிரித்தவர்களில் ஒருவர் கரண்டியை எடுத்துக்கொண்டு வரக்கூடும்.

அந்நியத் துணியை விலக்கிச் சுதேசியத்தைப் போற்றிய தலைமுறையின் வழித்தோன்றல்கள் நாம். அன்று அவர்கள் ஒரு ராட்டையின் முன் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஒருவர் நூற்ற நூல் ஒரு தேசத்தை உடுத்தப் போதாது என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் நூற்றார்கள். அந்தப் பொறுமையில் ஒரு பங்கை நாம் நம் ஊர் ஓடைக்குத் தருவோமானால், காவிரித் தாய்க்கு நாம் இடும் மஞ்சளையும் பூவையும் விட அந்தக் காணிக்கை அவளுக்கு உவப்பாக இருக்கும்.